சபை மேடையைப் பார்த்த ஐந்து நிமிடம்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். அது முக்கியம். தூண் மறைக்காத கதிரை கிடைத்திருந்தால் நானும் மற்றவர்களைப்போல மேடையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, அறைக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டிருப்பேன். ஒருவருக்கும் ஒரு கெடுதியும் வந்திருக்காது.

நான் கோப்பை கழுவுகிற உணவகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் தியேட்டர் இருக்கிறது. பாட்டு, பகிடி, வித்தை, நாய் என்று ஒரே டிக்கெட்டில் எல்லாம் பத்துப் பத்து நிமிடமாக வந்துபோகும் இடம். அங்கே வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண் மத்தியானம் எங்களிடம்தான் சாப்பிடுவாள். சூப்போடு நான் கூடுதலாக அனுப்பிய இரண்டு துண்டு பாணுக்கு நன்றியாக, ஒரு ஞாயிறு பின்னேரக் காட்சிக்கு டிக்கெட் தந்தாள். ஒருவரும் வாங்காத கதிரை. அதிலிருந்து பார்த்தால் மேடை கால்வாசி தெரியும், சபை முழுவதும் தெரியும். வேறு வழியில்லாமல் நான் சபையைப் பார்த்தேன்.

அப்படி ஒரு சபையை நான் அதுவரை கண்டதில்லை. நூற்றுக்கணக்கான சனம், ஒருத்தரும் ஒருத்தரைச் சுகம் விசாரிக்கவில்லை. தடியின் நுனியில் தட்டுச் சுழற்றும் ஒருவர் வந்தார். எனக்குத் தெரிந்தது மூன்று தட்டுகள். தூணுக்கு அந்தப் பக்கம் எத்தனை, அதில் எது விழப்போகிறது என்பதையெல்லாம் சபையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். ஒரு தட்டுத் தள்ளாடினால் எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தது. நின்றுவிட்டால் ஒன்றாக மூடியது. பிறகு ஒரு நாய் வந்து, வளையத்துக்குள் பாயமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. அந்த நாய்க்குத்தான் அன்று அதிகக் கைதட்டல். இரண்டு பெரிய மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். தினமும் தட்டோடு மாரடிக்கிறவன் நான். தட்டுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

இதை எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலுக்குக் கொண்டுவரவேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். வித்தையைச் சொல்லவில்லை. வித்தைக்காரர் எங்கும் கிடைப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சபை.

எங்கள் சபை எப்படி என்பதை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். சங்கம் வருடத்துக்கு இரண்டு முறை கலைவிழா வைக்கும். புறநகர்களான சார்செல்லிலிருந்தும் வில்லியே லே பெல்லிலிருந்தும் ஓல்னேயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அழைப்பிதழில் இரண்டு மணி என்று அடித்தால் நான்கு மணிக்கு வருவார்கள். வந்ததும் கதிரைகளைத் தூக்கி வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். வட்டமாகப் போட்டால் பாதிப்பேருக்கு மேடை முதுகுப்பக்கம் என்பதை விளங்கப்படுத்த உயர்கணிதம் தேவையில்லை. மண்டபத்தின் பின்னால் ரோல்ஸும் வடையும் விற்கும் மேசை. பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடுவார்கள். மேடையில் யாராவது ஆடுவார்கள், பாடுவார்கள். மேடை என்பது அங்கே ஒரு பின்னணி இசை.

போன இரண்டு விழாக்களிலும் நான் ஒரு கொப்பியில் குறிப்பு எடுத்தேன். 'சபையின் நடத்தை' என்று தலைப்பு. ஊரில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, போய்ச்சேராமல் இங்கே வந்தவனுக்கு இப்படி ஏதாவது ஒரு ஆராய்ச்சி தேவைப்படுகிறது. வாய்ப்பாட்டு: முன் இரண்டு வரிசை, அதுவும் பாடகியின் சொந்தக்காரர். குழு நடனம்: ஆடும் பிள்ளையின் தாய் மட்டும், அவரும் சடையைத்தான் பார்த்தார். புல்லாங்குழல்: ஒருவரும் இல்லை, ஒரு முதியவர் இருந்தார், ஆனால் நித்திரை.

கொப்பியோடு சங்கத் தலைவரிடம் போனேன். தலைவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுக்கிறார். வெங்காய மூட்டைக்கு மேல் இருந்தபடி நான் சொன்னதைக் கேட்டார். பல்சுவை நிகழ்ச்சி, ஏழெட்டு அங்கம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், பேச்சே கிடையாது.

"பேச்சில்லாமல் விழாவோ? அப்ப சனம் என்னத்துக்கு வரும்?"

"பேச்சுக் கேக்கவோ அண்ணை சனம் வருகுது?"

"கேக்கிறதுக்கில்லையடாப்பா. ஒருத்தர் பேசிக்கொண்டு நிக்கேக்கதான் சனம் ஆறுதலாக் கதைக்கலாம். கிழமை முழுக்க வேலை, ரயில், வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆளையாள் காணுதுகள். நீ பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒண்டைக் கொண்டுவந்து காட்டினா, அதுகள் எப்ப கதைக்கிறது?"

நான் கொப்பியை விரித்துப் புல்லாங்குழல் பக்கத்தைக் காட்டினேன். நியாயத்தைவிட அன்று எனக்கு ஆர்வம் கூடுதல். கடைசியில் ஒரு சமரசம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை மூன்றையும் மூன்று அங்கங்களாகக் கணக்கில் சேர்ப்பது. தலைமையுரையைப் பத்து நிமிடத்துக்குள் முடிப்பதாகத் தலைவர் வாக்குத் தந்தார். அது ஒரு வித்தையாகவே இருக்கும் என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன்.

மண்டபம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமானது. அதன் திறப்பு, புதுச்சேரித் தமிழில் சாவி, ஒரு புதுச்சேரிக்காரரிடம் இருந்தது. அவரிடம் போனபோதுதான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மனிதர் ஒரு மந்திரவாதி. ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர், பிறப்பிலேயே பிரெஞ்சுப் பிரஜை, டிசம்பரில் நத்தாருக்கு நத்தார் தேவாலயத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் முயல் இல்லாத குறைக்குக் கைக்குட்டை எடுத்துக் காட்டுபவர்.

"நான் வேலை செஞ்ச காலம் பூரா கிஷேல உக்காந்தவன் தம்பி," என்றார். கிஷே என்றால் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருந்து விண்ணப்பம் வாங்குகிற கருமபீடம். "எனக்கு முன்னாடி எவ்வளவோ ஜனம் வந்து நின்னிருக்கு. ஒருத்தரும் கை தட்டினதில்ல. அதான் வேலை முடிஞ்சு ரித்ரேத் வந்ததும் இதைக் கத்துக்கிட்டேன்."

அவருடைய சிறந்த அங்கம் பத்திரிகை கிழிப்பது. ஒரு முழுப் பத்திரிகையை நாலாக, எட்டாகக் கிழித்து, கசக்கி, ஊதி விரித்தால் பழையபடி முழுசாக இருக்கும். முன்னோட்டமாக எங்கள் அறைக்கு வந்து செய்து காட்டினார். அறை என்பது ஐந்தாம் மாடியில் எனக்கும் அண்ணைக்கும் பொதுவான ஒன்று. அண்ணை எனக்குச் சொந்தமில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இத்தாலிச் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் மாப் பிசைகிறார், மனைவியும் மகளும் ஊரில். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். கட்டிலில் சாய்ந்தபடி வித்தையைப் பார்த்தார். பத்திரிகை கிழிந்தது, கசங்கியது, முழுசாக விரிந்தது.

"எப்பிடி அண்ணை?" என்றேன்.

"கிழிச்சார். ஒட்டினார். முந்தநாள் பேப்பர்தானே, கிழிஞ்சாத்தான் என்ன?"

மந்திரவாதியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ தலைக்குள் விளக்கு எரிந்தது. இரண்டாவது யோசனை. முதலாவதைவிட ஆபத்தானது என்பது அப்போது தெரியவில்லை. தியேட்டரில் அந்தத் தட்டுக்காரரைச் சபை ஏன் பார்த்தது? விழுந்தால் உடையும். உடைந்தால் போச்சு. போனால் திரும்பி வராத ஒன்றை மேடையில் வைத்தால் எங்கள் சனமும் பார்க்கும். எங்கள் சனத்திடம் போனால் திரும்பி வராதது என்ன இருக்கிறது?

ரெசெப்பிசே.

மடித்த ஒற்றைக் கடதாசி. புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிபெக்சர் என்கிற அரச அலுவலகத்தில் புதுப்பித்துத் தருவது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை நாங்கள் இந்த நாட்டில் இருக்கலாம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. வேலைக்கு, தபாற்கந்தோருக்கு, மெத்ரோ வாசலில் மறிக்கிற பொலிஸுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சேட்டுப் பொக்கற்றில், நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்போம். சேட்டை மாற்றினால் முதலில் மாறுவது அது.

"அது என்ன பேப்பர்?" என்று கேட்டார் மந்திரவாதி. அண்ணை எடுத்துக் காட்டினார். புதுச்சேரிக்காரர் விரல் நுனியால் வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். அண்ணை சட்டென்று திரும்பி வாங்கிக்கொண்டார்.

உண்மையானதைக் கிழிக்க நான் சொல்லவில்லை. நான் படித்தவன். திட்டம் இதுதான். அண்ணையின் ரெசெப்பிசேயை இரண்டு போட்டோக்கொப்பி எடுப்பது. ஒன்றை மந்திரவாதி முன்கூட்டியே மடித்து உள்ளங்கையில் ஒளித்து வைத்திருப்பார். மற்றதை அண்ணை மேடைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். மந்திரவாதி அதைக் கிழிப்பார், ஒளித்ததை விரிப்பார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் கொப்பி எது, அசல் எது என்று யாருக்குத் தெரியும்?

"எனக்கு வியாழக்கிழமை புதுப்பிக்கவேணும்," என்றார் அண்ணை. "பழசைக் குடுத்தாத்தான் புதுசு."

"பழசு உங்கட பொக்கற்றிலயே இருக்கும் அண்ணை. கிழியிறது கொப்பி."

"பேந்து ஏன் என்னைக் கூப்பிடுறாய்? கொப்பியை ஆரும் குடுக்கலாம்தானே."

"படம் உங்கட. முகமும் படமும் ஒண்டா இருந்தாத்தான் சனம் நம்பும்."

அண்ணை கையால் தலையை ஒருமுறை வாரிப் பார்த்தார். பிறகு சம்மதித்தார். நான் கெஞ்சியதால் என்று அப்போது நினைத்தேன். மேடையில் ஏறுகிறவரைப் புகைப்படம் எடுப்பார்கள், அதில் ஒன்றை மகளுக்கு அனுப்பலாம் என்று அவர் நினைத்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. மைக் என் கையில். குறிப்புக் கொப்பியும் பென்சிலும் பின்பொக்கற்றில். இரண்டு மணி நிகழ்ச்சி மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. கதிரைகளை நான் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்தேன், வட்டமாகப் போட முடியாதபடி. சனம் கயிற்றை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டு வட்டமாகப் போட்டுக்கொண்டது.

மவுத் ஓர்கன் வாசித்த பெடியனை ஆறு பேர் பார்த்தார்கள். பலகுரலில் பேசியவருக்குக் கொஞ்சம் கூடுதல் பேர், ஆனால் அவர் ரயில் மாதிரிக் கத்தியபோது பின்வரிசை ஒன்று, "கடைசி ரயில் எத்தினை மணிக்கு?" என்று உண்மையாகவே கேட்டது. தலைமையுரை நாற்பது நிமிடம். அப்போதுதான் மண்டபம் உயிர்பெற்றது. தலைவர் சொன்னது சரி. கல்யாணம் பேசினார்கள், வீடு பார்த்தார்கள், எந்தச் சட்டத்தரணி நல்லவர் என்று விசாரித்தார்கள்.

பிறகு மந்திரவாதி. கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி, ஒரு சின்ன மேசை, அதற்கு மேல் கறுப்புத் துணி. வளையங்களை ஒன்றோடொன்று கோத்தார். கோத்த வேகத்தில் பதில் வந்தது.

"அதில வெட்டு இருக்கு!"

"மற்றப் பக்கம் திருப்பிக் காட்டுங்கோ ஐயா!"

"கைக்குள்ள, கைக்குள்ள!"

வாய்க்குள்ளிருந்து பட்டுக் கைக்குட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தார். முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "நல்ல துணி. எங்கை வாங்கினாராம்?" என்றார். கைக்குட்டை முடியுமுன் தலைவர் மேடையில் ஏறி என் கையிலிருந்த மைக்கை வாங்கி, ஒரு அறிவித்தல் என்றார். சிவப்பு மேல்சட்டை போட்ட ஆண்பிள்ளை ஒன்று ரோல்ஸ் மேசைக்கடியில் அழுதுகொண்டு நிற்கிறது, உரியவர்கள் வந்து எடுக்கவும். மந்திரவாதி வாயில் பாதிக் கைக்குட்டையோடு காத்துக்கொண்டு நின்றார். கருமபீட ஊழியருக்குக் காத்திருப்பது புதிது. பழக்கமில்லாதது நெற்றியில் தெரிந்தது.

நான் மைக்கைத் திரும்பப் பறித்தேன். "அடுத்ததாக, உங்கள் எல்லாருடைய பொக்கற்றிலும் இருக்கிற ஒன்று கிழியப்போகிறது" என்றேன். இரண்டு தலைகள் திரும்பின. அண்ணையை மேடைக்குக் கூப்பிட்டேன். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து இழுத்த தலை. போட்டோக்கொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் நேராக நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் மந்திரவாதி.

ஒத்திகையில் அவர் கண்ணாடி போடவில்லை. அன்று போட்டார். மேடை வெளிச்சம் கூசியதாம். கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் கொப்பியைப் பார்த்தார். பிறகு ஒத்திகையில் இல்லாத ஒரு வசனத்தை, தலையை நிமிர்த்தாமல், அலுத்த குரலில் பிரெஞ்சில் சொன்னார்.

"இல்லை மொசியே. ஒரிஜினல்."

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூன்றடி தூரம். அண்ணையின் வலது கை கொப்பியைக் கீழே இறக்கியது. இடது கை சேட்டுப் பொக்கற்றுக்குப் போனது, பிளாஸ்டிக் உறையிலிருந்து கடதாசியை உருவியது, மேசையில் வைத்தது, படம் மேலே வரும்படி திருப்பி வைத்தது. அவர் முகத்துக்கும் அந்தக் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருமபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது எங்கள் எல்லோருக்கும் அந்தக் கை இருக்கிறது.

மந்திரவாதி எடுத்தார், முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், "பொன்", சரி, என்று பிரெஞ்சில் சொன்னார். நாலாகக் கிழித்தார்.

அந்தச் சத்தம் பின்சுவர் வரை கேட்டது. ஏனென்றால் வேறு சத்தம் இல்லை. ரோல்ஸ் மேசையில் காசு மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். வட்டமாக இருந்தவர்கள் முழுச் சபையாகத் திரும்பியிருந்தார்கள். பிறகு நான் கண்டதைக் குறிப்புக் கொப்பியில் எழுத எனக்குக் கை வரவில்லை, இங்கே எழுதுகிறேன். மண்டபத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும், ஒருவர் தவறாமல், தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள். பெண்கள் கைப்பையை. எல்லாக் கையும் ஒன்றாகப் போய், இருக்கிறது என்று தெரிந்ததும் ஒன்றாக இறங்கியது. தூணுக்குப் பின்னால் இருந்து நான் ஆசைப்பட்ட சபை அதுதான். கிடைத்துவிட்டது.

துண்டுகளைக் கசக்கி, ஊதி, கண்ணில் படாமல் தொப்பிக்குள் நழுவவிட்டு, மற்றக் கையால் விரித்து உயர்த்திப் பிடித்தார். முழுசாக இருந்தது. ஒளித்து வைத்த கொப்பி.

மண்டபம் வெடித்தது. விசில், கைதட்டல், கதிரையில் ஏறி நின்றவர்கள். வித்தையின் வெட்டை யாரும் தேடவில்லை. "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்தினார்கள். பின்னாலிருந்து ஒருவர் எழும்பி, "ஐயா, என்ரையையும் ஒருக்காக் கிழியுங்கோ! மூண்டு மாசக் கடதாசியைப் பத்து வரிய அட்டையாக்கேலுமோ?" என்றார். சிரிப்பு அடங்க முன் இன்னொருவர், "கேஸ் மறுத்த கடிதம் வச்சிருக்கிறன், அதை ஓமெண்டு மாத்தித் தாங்கோ!" என்றார். மந்திரவாதி குனிந்து வணங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அவருக்குக் கைதட்டல். கண் கலங்கியிருந்தது.

அண்ணையின் கையில் கொப்பி ஒன்று இருந்தது. மந்திரவாதி அவர் கையில் இன்னொன்றைக் கொடுத்தார். அண்ணை இரண்டையும் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, ஏதோ கடைக்குப் போய் வாங்க மறந்ததைச் சொல்கிற குரலில், "தம்பி, ரெண்டும் கொப்பியடா," என்றார்.

புகைப்படக்காரர் அந்த நேரத்தில்தான் படமெடுத்தார்.

மேடைக்குப் பின்னால் தொப்பியைக் கவிழ்த்தோம். நாலு துண்டு. ஒன்றில் அண்ணையின் நெற்றி, இன்னொன்றில் தாடை. மந்திரவாதி ஒரு பெட்டிமேல் இருந்துவிட்டார்.

"எனக்கே தெரியாது தம்பி. கண்ணாடி போட்டேன். எதிர்ல ஒருத்தர் நிக்கிறார், நடுவுல மேசை, கையில போட்டோகாப்பி. வாய் தானா சொல்லிடுச்சு."

"எனக்கும் கை தானாத்தான் போச்சு," என்றார் அண்ணை. "வந்த நாளிலயிருந்து அந்த ஒரு சொல்லைத்தானே கேக்கிறன்."

இருவரும் ஒருவரையொருவர் மிகவும் விளங்கிக்கொண்டார்கள். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம்.

தலைவர் கைகளை விரித்தபடி உள்ளே வந்தார். "சனம் விசர் பிடிச்சு நிக்குது! அடுத்த வரியமும் உந்த மஜிக்கையே செய்வம்." துண்டுகளைக் கண்டதும் நின்றார். கதையைக் கேட்டார். அவரும் ரெசெப்பிசேயில் காலம் தள்ளியவர்தான். உடனே வழி சொன்னார். துலைஞ்சுபோச்சு எண்டு பொலிஸில எழுதிக் குடுங்கோ.

"துலையேல்லையே. கிழிஞ்சது," என்றார் அண்ணை.

"சரி, பிள்ளை கிழிச்சுப்போட்டுது எண்டு சொல்லு."

"ஆற்றை பிள்ளை? என்ரை பிள்ளை ஊரில எண்டு அவையிட்ட எழுதிக் குடுத்திருக்கிறன். இப்ப இஞ்சை வந்து கடதாசி கிழிச்சதெண்டா, எப்ப வந்தது எண்டு கேப்பினம்."

"தோய்ச்சதெண்டு சொல்லு. சேட்டோட தோய்ச்சதெண்டு."

"தோய்ச்சா மை கலையும். உப்பிடி நேராக் கிழியாது." அண்ணை துண்டுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வொன்றாக வைத்தார். "நான் அவையளுக்கு இதுவரைக்கும் ஒரு பொய்யும் சொல்லேல்லை. எல்லாரும் சொல்லு சொல்லு எண்டவை, சொல்லேல்லை. ஒரு மஜிக்குக்காகத் தொடங்கேலாது."

அதற்குப் பிறகு ஒருவரும் யோசனை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அது புதுப் பழக்கம். ஒட்டலாமா என்று மட்டும் கேட்டேன். மந்திரவாதி பதறிவிட்டார். "ஸ்காட்ச் டேப்பு கீப்பு போட்டுடாதீங்க! ஒட்டின பத்திரம்னா உள்ளுக்குள்ள என்னமோ மாத்தினதா நெனைப்பாங்க. கிழிஞ்சது கிழிஞ்சபடி போகணும்." மேசைக்குப் பின்னால் இருந்த காலத்தில் அவர் கண்ட ஒட்டல்களை எல்லாம் அன்று நினைத்துப் பார்த்திருப்பார்போல. வீட்டுக்குப் போகுமுன் அண்ணையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கள் லாச்சப்பல் முழுக்க வித்தையின் புகழ். கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் என் முதுகில் தட்டினார்கள். ஒருவர், அந்தக் கடதாசி கிழியும்போது தன் நெஞ்சு நின்றுபோனதென்றும் இப்படி ஒரு நடிகரை எங்கே பிடித்தீர்கள் என்றும் கேட்டார். அண்ணையைத்தான் சொன்னார். நடிகர் அந்த நேரம் குசினியில் முதலாளியின் கண்ணில் படாமல் மாப் பிசைந்துகொண்டிருந்தார். போகும்போதும் வரும்போதும் மெத்ரோ எடுக்காமல் நடந்தார், மறிப்பார்கள் என்று. முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. நானும் கூட நடந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செவ்வாய் மந்திரவாதி ஒரு அத்தெஸ்தாசியோன் எழுதிக்கொண்டு வந்தார். இந்த நாட்டில் எதையும் கௌரவத்தின்பேரில் உறுதிசெய்து கையெழுத்து வைத்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அழகான கையெழுத்து. கீழே கையொப்பமிடும் நான், பிரெஞ்சுப் பிரஜை, ஓய்வுபெற்ற அரச ஊழியர், கடந்த ஞாயிறு பிற்பகல் ஒரு மாய வித்தையின்போது மேற்படி பத்திரத்தைத் தவறுதலாக நாலாகக் கிழித்தேன் என உறுதியளிக்கிறேன். சத்தமாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எங்கிட்ட யாராவது நீட்டியிருந்தா," என்றார், "நானே நம்பியிருக்கமாட்டேன்."

அந்தக் கடதாசியை மேசையில் நாலு துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போது அண்ணைதான் சொன்னார், இந்த முறை யோசனை என்னுடையதல்ல: "அப்ப செய்து காட்டுங்கோவன்."

இன்று புதன். பின்னேரம் எனக்கும் அண்ணைக்கும் ஓய்வு. அறையில் மேசையை நடுவில் இழுத்துப்போட்டு ஒத்திகை பார்த்தோம். முதலில் மந்திரவாதி பிரிபெக்சர் கருமபீடத்துப் பெண்ணாக இருந்தார். எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார். முதல்முறை, அத்தெஸ்தாசியோனோடு எழுதியவரின் அடையாள அட்டைக் கொப்பி இல்லை. இரண்டாம்முறை, என் விளக்கம் நீளம். "பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா மொசியே?" மூன்றாம்முறை, காரணம் சொல்லாமலே அனுப்பினார். கேட்டபோது, சில நாட்களில் அப்படியும் நடக்கும் என்றார். பிறகு பக்கம் மாறி, மேசைக்கு இந்தப் பக்கம் எங்களோடு வந்து நின்றார். நின்றவுடன் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணை சொல்லிக்கொடுத்தார்.

நாளை காலை பிரிபெக்சருக்குப் போகிறோம். ஒழுங்கு இப்படி. முதலில் நாலு துண்டும், ஒட்டாமல், படம் மேலே. பிறகு அத்தெஸ்தாசியோன், அடையாள அட்டைக் கொப்பியோடு. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தால் மட்டும், அப்போது மட்டும், மந்திரவாதி கோட்டுக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்து, எப்படிக் கிழிந்தது என்று செய்து காட்டுவார். ஒரு நிமிடம் முப்பது வினாடிக்குள் முடிக்கிறார், மணிக்கூடு பிடித்துப் பார்த்தேன். காவலாளி இழுத்துக்கொண்டு போகாவிட்டால் போதும்.

மொழிபெயர்ப்பு நான். ஆனால் முதல் வசனம் எனக்கில்லை. பிழை என்னுடையது என்று தொடங்குவதாக இருந்தேன், பிரெஞ்சில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார்.

"நீ ஞாயிற்றுக்கிழமை மைக் பிடிச்சதே காணும், போதும். கடதாசி என்ரை. முதல் வசனம் நான் சொல்லுறன்."

இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மதாம், இது என்னுடையது, இதை நான்தான் என் கையால் கொடுத்தேன். மந்திரவாதி கட்டிலில் இருந்தபடி, இன்னும் கொஞ்சம் சத்தமா, கிஷே கண்ணாடி தடுக்கும், என்கிறார். அண்ணை மறுபடி தொடங்குகிறார்.